பலகை மாட்டுவதற்கு முன்னால்

(நூலக வாசகர் வட்டம் ஒன்றில், வேலையில் இருக்கும் இளைஞர்கள் திரளாக வந்திருந்த ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)



அழைப்பிதழில் "இன்றைக்குத் தேவைப்படும் திறன்கள்" என்று தலைப்புப் போட்டுவிட்டார்கள். முன்வரிசையில் சிலர் நோட்டைப் பிரித்து ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்களைக்கூட எழுதி வைத்துவிட்டீர்கள். உங்களை ஏமாற்றப் போகிறேன். என்னிடம் பட்டியல் இல்லை. பட்டியல் வேண்டுமானால் எந்த ஊரிலும் பேருந்து நிலையத்துக்கு எதிரே உள்ள மாடிக் கட்டடங்களை அண்ணாந்து பார்த்தால் போதும். டேட்டா சயின்ஸ், டிஜிட்டல் மார்க்கெட்டிங், டேலி, கேட்-கேம், ஜெர்மன் மொழி, எல்லாம் பலகையில் இருக்கின்றன. நூறு சதவீத வேலை உத்தரவாதத்தோடு.

அந்தப் பலகையில் தொடங்குகிறேன். ஒரு வேலைக்கு ஆள் கிடைக்காமல் முதலாளிகள் திண்டாடுகிற காலம் ஒன்று உண்டு. "இதைக் கற்றுக்கொடுத்தால் கூட்டம் வரும்" என்று பயிற்சி நிலையக்காரர் கண்டுகொள்கிற காலம் இன்னொன்று. இரண்டாவது எப்போதும் பிந்தித்தான் வரும். பலகை மாட்டி, முதல் அணி படித்து வெளியே வருவதற்குள் முதலாளியின் திண்டாட்டம் பாதி தீர்ந்திருக்கும். மூன்றாவது அணி வரும்போது அவர் ஆட்களைத் தட்டிக்கழிக்கத் தொடங்கியிருப்பார். ஆக, நம் கேள்வி எதைப் படிப்பது என்பதைவிட எங்கே பார்ப்பது என்பதுதான். பலகைக்கு முன்னால் வருகிற அறிகுறி எங்கே தெரியும்?

இதற்கு ஒரு விதிவிலக்கை நானே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் பெரியவர்கள் யாராவது எழுந்து கேட்பீர்கள். தட்டச்சுப் பயிலகம். அந்தப் பலகை தமிழ்நாட்டில் தலைமுறை தலைமுறையாகத் தொங்குகிறது, இன்னும் இறக்கப்படவில்லை. "இங்கிலீஷ் ஹையர், தமிழ் லோயர்" என்று பெண் பார்க்கும் இடத்தில் சொல்லிக்கொண்ட காலம் உண்டு. இளநிலைக்கு நிமிடத்துக்கு 30 சொல், முதுநிலைக்கு 45 சொல். அரசின் தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் தேர்வு நடத்துகிறது. தேர்வாணையத்தின் குரூப் 4-ல் தட்டச்சர் பணியிடம் இருக்கிறது. கோத்ரெஜ் நிறுவனம் 1955-ல் இந்தியத் தட்டச்சுப்பொறியை உருவாக்கி, இந்த நூற்றாண்டின் முதல் பத்தாண்டு முடிவதற்குள் தயாரிப்பையே நிறுத்திவிட்டது. எந்திரம் செய்கிறவர் கடையை மூடிய பிறகும் அதில் தேர்வு நடக்கிறதென்றால் காரணம் ஒன்றுதான்: அந்தத் திறனுக்கு அரசு விதியில் ஒரு நாற்காலி ஒதுக்கப்பட்டிருக்கிறது. சந்தை கைவிட்டதை விதி தாங்கிப் பிடித்தது. அப்படி நாற்காலி ஒதுக்கப்படாத திறன்களுக்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது. நம்மில் பெரும்பாலோர் அந்த இரண்டாம் வகையில்தான் இருக்கிறோம்.

அந்த இரண்டாம் வகைக்குக் கோபாலைப் பாருங்கள். கோபால் என்பது ஆள் பெயரில்லை, கணினி மொழி. சிலர் கோபால் என்பார்கள், சிலர் கோபோல். 1959-ல் அமெரிக்காவில் ஒரு குழு கூடி வகுத்தது. வங்கி, காப்பீடு, அரசு அலுவலகம் என்று உலகமெங்கும் கணக்கு வழக்கு அதில்தான் ஓடியது. ஆண்டைக் கடைசி இரண்டு இலக்கத்தில் மட்டும் எழுதிவைத்த பழக்கத்தால் 2000 பிறக்கும்போது எல்லாம் குழம்பும் என்ற பயம் வந்தது. தொண்ணூறுகளின் கடைசியில் சென்னையில், பெங்களூரில், ஐதராபாத்தில் கோபால் தெரிந்தவனுக்குக் கப்பலில் ஏறாமலே கடல் தாண்டும் யோகம் அடித்தது. மாடிக்கு மாடி வகுப்பு. 2000 ஜனவரி 1 விடிந்தது. பெரிதாக ஒன்றும் குழம்பவில்லை. வகுப்புகள் காலியாயின. அந்த ஆண்டே அமெரிக்க இணைய நிறுவனங்கள் சரியத் தொடங்கி, பொட்டியோடு திரும்பி வந்தவர்கள் பலர்.

கதை இங்கே முடிந்திருந்தால் "பார்த்தாயா, மோகத்தில் விழாதே" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் 2020 ஏப்ரலில், கொரோனாக் காலத்தில், நியூ ஜெர்சி மாநில ஆளுநர் பத்திரிகையாளர் முன்னால் வந்து கோபால் தெரிந்தவர்கள் உதவிக்கு வாருங்கள் என்று வேண்டுகோள் விடுத்தார். வேலையிழந்தோர் உதவித்தொகைக்கு மனுக்கள் குவிந்தன. அந்தக் கணினி அமைப்பு பழையது, அதைத் தொடத் தெரிந்த ஆள் போதவில்லை. பலகையை இறக்கி இருபது ஆண்டுகள் ஆகியிருந்தன. வேலை இறங்கவே இல்லை. இந்த இருபது ஆண்டும் அந்தத் துறையில் நிலைத்தவர்கள், மொழியின் இலக்கணத்தோடு நிற்காமல் அதன் வழியாக வங்கி எப்படி வட்டி போடுகிறது, காப்பீட்டில் கோரிக்கை எப்படித் தீர்கிறது என்பதையும் கற்றுக்கொண்டவர்கள். மற்றவர்கள் தேதியை மட்டும் திருத்திக் கொடுத்தார்கள். தேதி சரியானதும் அவர்களுக்கு வேலை முடிந்தது.

சரி, கணினியை விட்டுத் தெருவுக்கு வருவோம். இங்கே பாதிப்பேர் இருசக்கர வண்டியில்தான் வந்திருப்பீர்கள். வண்டியை யாரிடம் விடுகிறீர்கள்?

பழைய மெக்கானிக்குகளின் காது ஒரு கருவி. வண்டியை உறுமவிட்டு, கார்புரேட்டரில் ஸ்க்ரூடிரைவரை வைத்துக் கால் சுற்று திருப்பி, தலையைச் சாய்த்துக் கேட்பார். இன்னும் அரைக்கால். "இப்ப ஓட்டிப் பாருங்க சார்." அந்தக் காது வர அவருக்குப் பத்து ஆண்டு பிடித்திருக்கும். 2020 ஏப்ரல் 1-ம் தேதி, பாரத் ஸ்டேஜ் 6 என்ற புகைக்கட்டுப்பாட்டு விதி நாடு முழுவதும் நடைமுறைக்கு வந்தபோது அந்தக் காதுக்கு மதிப்புக் குறைந்தது. புதிய வண்டிகளில் பெரும்பாலானவற்றில் கார்புரேட்டர் இல்லை. டாங்கிக்குள் பெட்ரோல் பம்பு, இன்ஜெக்டர், ஆக்சிஜன் சென்சார், எல்லாவற்றுக்கும் மேலே ஒரு கட்டுப்பாட்டுப் பெட்டி. திருப்புவதற்குத் திருகே இல்லை. மீட்டரில் மஞ்சள் விளக்கு எரிந்தால் என்ன கோளாறு என்பதை ஸ்கேனர் மாட்டித்தான் கேட்க வேண்டும்.

இது இரவோடு இரவாக வந்த மாற்றமா? 5-ம் படியைத் தாண்டி நேரே 6-க்குப் போகிறோம் என்று மத்திய அரசு அறிவித்தது 2016 ஜனவரியில். நான்கு ஆண்டுக்கு மேல் அவகாசம். ஆனால் எந்தப் பட்டறை வாசலிலும் யாரும் தண்டோரா போடவில்லை. அறிவிப்பு நாளிதழில் வந்தது, கார் கம்பெனிகளுக்குப் பெரிய செலவு என்று வணிகப் பக்கத்தில். பட்டறைக்காரர் அந்தப் பக்கத்தைத் தேநீர்க் கடையில் வடை மடித்த தாளாகத்தான் பார்த்திருப்பார். அவரைக் குறை சொல்லவில்லை. தன் பிழைப்பைப் பற்றிய செய்தி இன்னொருவர் பாஷையில் எழுதப்பட்டு, இன்னொருவர் பக்கத்தில் அச்சாகிறது. அதைத் தன் பாஷைக்கு மாற்றிப் படிப்பதுதான் நான் இன்று வலியுறுத்த வந்த முதல் பழக்கம். "புகை அளவு குறைய வேண்டும்" என்றால் "என் கையிலிருக்கும் ஸ்க்ரூடிரைவர் போகப்போகிறது" என்று படிக்க வேண்டும்.

இன்னும் கொஞ்சம் இங்கேயே நிற்கிறேன், ஏனென்றால் விஷயம் இதற்கு அடியில் இருக்கிறது. விதி வந்ததும் பலர் ஸ்கேனர் வாங்கினார்கள். வாங்கியவர்களுக்கெல்லாம் தொழில் கூடிவிட்டதா? ஸ்கேனர் ஒரு சென்சாரின் பெயரைச் சொல்லும். குற்றவாளி அந்தச் சென்சாரா, அதற்குப் போகிற வயரா, எலி கடித்த இடமா, எங்கோ காற்றுக் கசிந்து சென்சாரைப் பொய் சொல்ல வைக்கிறதா என்பதை அது சொல்லாது. சென்சாரை மாற்றிப் பார்த்து, அதிலும் சரியாகாமல், வாடிக்கையாளரிடம் காசு கேட்க முடியாமல் நிற்கிறவர் உண்டு. மல்டிமீட்டரை எடுத்து, வயரிங் படத்தைப் பிரித்து, இங்கே ஐந்து வோல்ட் வர வேண்டும், வரவில்லை, ஆக இந்தப் பின்னுக்கும் அந்தப் பின்னுக்கும் நடுவில்தான் என்று போகிறவரும் உண்டு. முன்னவர் கருவி வாங்கினார். பின்னவர் மின்சாரம் கற்றார். அடுத்த அலையாக மின்சார ஸ்கூட்டர் வந்தபோது முன்னவர் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியிருந்தது. பின்னவருக்குப் பேட்டரி பாதுகாப்பு விதிகளும் சில புதிய இணைப்புகளும் கற்றால் போதும் என்றிருந்தது.

புதிதாகப் பேசப்படும் எந்தத் திறனுக்கும் அடியில் இப்படி ஒரு பழைய திறன் கிடக்கும். ஸ்கேனருக்கு அடியில் மின்சுற்று. டேட்டா சயின்ஸுக்கு அடியில் புள்ளியியல். டேலிக்கு அடியில் இரட்டைப் பதிவுக் கணக்கு. மேலே இருப்பது பலகையில் வரும், மூன்று மாதத்தில் முடியும். அடியில் இருப்பதை யாரும் விளம்பரம் செய்வதில்லை, அதில் சான்றிதழ் விழாவும் இல்லை. படிப்புக்கென்று எடுத்துவைத்த காசு குறைவாக இருந்தால் அடியில் இருப்பதில் போடுங்கள் என்பேன். இதில் என்னோடு சண்டைக்கு வருகிற நண்பர்கள் உண்டு: "பசிக்கிறவனுக்கு மூன்று மாதப் படிப்புதானே சோறு போடும்?" என்பார்கள். நியாயம். மேலே உள்ளதைப் படித்து வேலைக்குப் போங்கள், போன பிறகு அடியில் உள்ளதைத் தோண்டுங்கள். தோண்டாமல் இருந்துவிடாதீர்கள், அவ்வளவுதான்.

அரசு அறிவிப்பை முன்கூட்டிப் படிப்பது என்றேன். அதற்குக் கணக்குப்பிள்ளைகளைவிட நல்ல உதாரணம் இல்லை. சரக்கு மற்றும் சேவை வரி 2017 ஜூலை 1-ல் வந்தது. அதற்கான அரசியல் சட்டத் திருத்தம் 2016-லேயே நிறைவேறிவிட்டது. வந்த புதிதில் ஈரோட்டிலும் கரூரிலும் திருப்பூரிலும் ஆடிட்டர் அலுவலக வாசலில் செருப்பு வைக்க இடமில்லை. அந்தக் கூட்டத்தில் நுழைந்து கற்றவர்கள் நிறையப் பேர், அதனால் அது சீக்கிரமே எல்லாருக்கும் தெரிந்த வேலையாயிற்று. ஆனால் அதற்குள்ளேயே இன்னொரு படிக்கட்டு இருந்தது. மின்னணு விலைப்பட்டியல், இ-இன்வாய்ஸ். 2020 அக்டோபரில் ஆண்டுக்கு 500 கோடிக்கு மேல் விற்றுமுதல் உள்ள நிறுவனங்களுக்கு மட்டும் கட்டாயம். 2021 ஜனவரியில் 100 கோடி. அதே ஆண்டு ஏப்ரலில் 50. 2022 ஏப்ரலில் 20, அக்டோபரில் 10. 2023 ஆகஸ்டில் 5 கோடி.

இந்த எண்களை ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். மூன்று ஆண்டுக்குள் 500-லிருந்து 5. தண்ணீர் மேட்டிலிருந்து பள்ளத்துக்கு வருவதை எல்லாரும் பார்க்கும்படி வந்திருக்கிறது. 20 கோடிக்கு மேல் வியாபாரம் செய்யும் ஒரு பின்னலாடைக் கம்பெனியில் கணக்கு எழுதுகிற பெண்ணுக்குப் பதினெட்டு மாதம் கைவசம் இருந்தது. பெரிய கம்பெனியில் வேலை பார்க்கும் ஒரு தோழியிடம் போய், பதிவு எண் எப்படி வாங்குகிறாய், பில்லை ரத்து செய்ய எவ்வளவு நேரம் தருகிறார்கள், கொள்முதல் பக்கத்தில் உள்ளீட்டு வரி ஒத்துப்போகாவிட்டால் யாருக்குக் கடிதம் எழுதுகிறாய் என்று கேட்டுவைத்தால் போதும். அந்த நாள் வரும்போது அலுவலகமே அவர் மேசையைச் சுற்றி நிற்கும். அப்படிக் கேட்டுவைத்தவர் மிகச் சிலர். மற்றவர்கள் கடைசி வாரத்தில் ஆடிட்டருக்குப் போன் போட்டார்கள். இப்போது அதே தொழிலில் இன்னொன்று: 1961-ம் ஆண்டு வருமான வரிச் சட்டத்துக்குப் பதிலாக 2025-ல் நிறைவேறிய புதிய சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறை. பிரிவு எண்கள் மாறுகின்றன, படிவங்கள் மாறுகின்றன. பழைய எண்களை உருப்போட்டு வைத்திருந்த மூத்தவரும் நேற்று வந்த இளையவரும் ஒரே கோட்டில் நிற்கிற நாள் ஒரு தொழிலில் அடிக்கடி வராது. இளையவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

குளிர்சாதன மெக்கானிக்குகளுக்கும் இப்படியே. ஆர்-22 வாயு படிப்படியாக ஒழிகிறது என்பது ஓசோன் ஒப்பந்தத்தில் எழுதப்பட்ட விஷயம். வீட்டு ஏசிகளில் ஆர்-32 வந்துவிட்டது. அதன் அழுத்தம் அதிகம், ஓரளவு தீப்பற்றும் தன்மையும் உண்டு. பழைய கேஜைத் தூக்கிக்கொண்டு பழைய பழக்கத்தில் வெல்டிங் வைத்தால் ஆபத்து. விரித்துப் பேச நேரமில்லை, அந்தத் தொழிலில் இருப்பவர் யாராவது வந்திருந்தால் பிறகு பேசுவோம்.

அரசாணை, ஒப்பந்தம் எல்லாம் எட்டாத தூரம் என்று நினைக்கிறவர்களுக்கு இன்னும் பக்கத்தில் ஓர் இடம் சொல்கிறேன். நீங்கள் வேலை பார்க்கிற இடத்திலேயே ஒரு வேலை இருக்கும். அது வந்தால் எல்லாரும் கையைக் கட்டிக்கொண்டு வெளியாள் ஒருவருக்காகக் காத்திருப்பீர்கள். அது எது என்று பாருங்கள்.

கோவையில் கணபதிப் பக்கம், பீளமேட்டுப் பக்கம் சிஎன்சி எந்திரங்கள் ஓடும் சிறு பட்டறைகளுக்குப் போனால் இது கண்ணுக்குத் தெரியும். ஆபரேட்டர் ஜாப்பை மாட்டுவார், சைக்கிள் ஸ்டார்ட் அமுக்குவார், முடிந்ததும் கழற்றுவார். அவருக்கு மேலே செட்டர். டூல் வைத்து, ஆஃப்செட் கொடுத்து, முதல் பீஸை அளந்து பாஸ் செய்கிறவர். அதற்கு மேலே புரோகிராமர். இந்த மூன்று படியும் எல்லாருக்கும் தெரியும். எந்திரம் திடீரென்று ஒரு அலாரம் எண்ணைக் காட்டிவிட்டு நின்றால் என்ன நடக்கிறது? பெங்களூரு சர்வீஸ் எஞ்சினியருக்குப் போன் போகிறது. அவர் நாளை மறுநாள் வருவார். வந்து போகிற செலவு தனி. அதுவரை எந்திரம் சும்மா, கடன் தவணை மட்டும் ஓடும். அந்த எந்திரத்தோடு வந்த கையேடு ஒரு அலமாரியில் பாலித்தீன் உறை பிரிக்காமல் இருக்கும். நான் போகிற இடமெல்லாம் அதைக் கேட்டு வாங்கிப் பார்ப்பது என் கெட்ட பழக்கம். உறை பிரிந்திருந்தால் அந்தப் பட்டறையில் ஒருவர் உருப்படப் போகிறார் என்று அர்த்தம்.

எல்லா அலாரத்தையும் நீங்களே தீர்த்துவிட முடியாது, தீர்க்கவும் கூடாது. சர்வோ டிரைவைத் திறந்து விளையாடினால் முதலாளி உங்களைத்தான் விற்க வேண்டிவரும். ஆனால் நின்றுபோன பத்தில் சில, எண்ணெய் மட்டம், காற்றழுத்தம், கதவு ஸ்விட்ச் போன்ற சின்ன விஷயமாக இருக்கும். அதைக் கண்டுபிடிக்கவும், மற்றதைப் பெங்களூருக்காரரிடம் அவர் பாஷையிலேயே போனில் விளக்கவும் தெரிந்தவர் இருந்தால், எஞ்சினியர் வரும்போதே சரியான பாகத்தோடு வருவார். ஒரு நாள் மிச்சம். அந்த ஒரு நாளின் விலை முதலாளிக்குத் தெரியும்.

இதே வரிசையில் இன்னொன்று சேர்க்க வேண்டும்: டிராயிங் படிப்பது. பரிமாணம் எல்லாருக்கும் தெரியும். கட்டத்துக்குள் கட்டமாகப் போட்டிருக்கும் வடிவத் துல்லியக் குறிகள், எந்தப் பரப்பை ஆதாரமாக வைத்து எதை அளப்பது என்பது, அதில்தான் ஏற்றுமதி ஜாப்கள் ரிஜெக்ட் ஆகின்றன. பட்டம் பெற்றுவரும் எஞ்சினியர்களிலேயே இதில் தடுமாறாதவர் குறைவு. ஐடிஐ படித்த ஒருவர் இதைச் சரியாகக் கற்றால் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் அவருக்கு நாற்காலி உண்டு. எந்திரம் எத்தனை மாறினாலும் டிராயிங் மாறாது.

வெளியாளுக்குக் காத்திருக்கும் வேலை எந்திரமாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. பின்னலாடைத் தொழிற்சாலைகளில் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தவர்கள் லைனில் உட்கார்ந்திருக்கிறார்கள். சூப்பர்வைசருக்குத் தமிழ் மட்டும் தெரியும். நடுவில் மொழிபெயர்க்க ஒருவர் வருவதற்காகக் காத்திருக்கிறார்கள். அங்கே கொஞ்சம் இந்தியும் கொஞ்சம் ஒடியாவும் பேசத் தெரிந்த பெண் சூப்பர்வைசருக்கு என்ன மரியாதை என்று போய்ப் பாருங்கள். மேடையில் இதைச் சொன்னால் மொழி அரசியல் விவாதத்துக்குப் போய்விடும் என்று ஒரு நண்பர் கண்ணைக் காட்டுகிறார். நான் அரசியல் பேசவில்லை, தையல் லைனைப் பற்றித்தான் பேசுகிறேன்.

எவ்வளவு காலம் கற்க வேண்டும் என்ற கேள்விக்கு வருகிறேன். கோவையைப் பற்றிப் பேசும்போது ஜி.டி. நாயுடுவை விட்டுவிட முடியாது. 1893-ல் கலங்கல் கிராமத்தில் பிறந்தவர். பள்ளிக்கூடம் ஒத்துவரவில்லை. ஓட்டலில் சர்வராக வேலை பார்த்துக் காசு சேர்த்து ஒரு மோட்டார் சைக்கிள் வாங்கி, அதைப் பிரித்து மாட்டித் தொழில் கற்றவர். 1920-ல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒரு பஸ் விட்டார். 1937-ல் அவர் முயற்சியில் மின்மோட்டார் உருவானது. 1945-ல் கோவையில் தொழில்நுட்பக் கல்வி நிலையம் தொடங்க முன்னின்றார். பொறியியலை நான்கு ஆண்டு இழுப்பது வீண், பாதிக் காலம் போதும் என்று வாதாடினார். அரசு ஒப்பவில்லை, அவர் பொறுப்பிலிருந்து விலகிக்கொண்டார்.

நாயுடு சொன்னதில் எனக்குப் பாதிதான் உடன்பாடு. கைவேலை அவர் சொன்ன வேகத்தில் வரும். ஒரு மோட்டாருக்குச் சுற்றுக் கட்ட நான்கு ஆண்டு எதற்கு? ஆனால் அந்த மோட்டார் ஏன் எரிந்தது என்று சொல்ல வருகிற அறிவு அந்த வேகத்தில் வருவதில்லை. அவருக்கு வந்தது, வேறு விஷயம். அவர் வழி நூற்றில் ஒருவருக்கு ஒத்துவரும் வழி. மற்ற தொண்ணூற்றொன்பது பேருக்கும் கொஞ்சம் பாடம், கொஞ்சம் பட்டறை, மறுபடி பாடம் என்று மாறி மாறிப் போவதுதான் தோதுப்படும். வேலையில் இருந்துகொண்டே படிக்கிற உங்களுக்கு அந்த வசதி தானாகவே அமைந்திருக்கிறது. முழுநேர மாணவனுக்கு அது கிடையாது. அவன் படித்ததை மூன்று ஆண்டு கழித்துத்தான் தொட்டுப் பார்ப்பான். நீங்கள் மறுநாள் காலை ஷிஃப்டில் தொட்டுப் பார்க்கலாம்.

காலம் அதிகம் பிடிக்கும் திறன்களுக்கு அதனாலேயே மதிப்பு நீடிக்கிறது. செவிலியர்களின் கதையைப் பாருங்கள். ஜெர்மனியில் முதியோர் பெருகி, செவிலியர் போதவில்லை. இங்கே படித்த செவிலியரின் படிப்பு அங்கே முழுமையாக அங்கீகரிக்கப்பட மொழியில் பி2 நிலை வேண்டும். ஏ1, ஏ2, பி1, பி2 என்று நான்கு படி. மூன்று மாதத்தில் முடித்துத் தருகிறேன் என்று சொல்லும் பலகையை நம்ப வேண்டாம், நாள்தோறும் உட்கார்ந்து படித்தாலும் ஏறக்குறைய ஓராண்டு, பலருக்கு அதற்கு மேலும் ஆகும். தேர்வில் வாசிப்பு, கேட்பு, எழுத்து, பேச்சு என்று நான்கு பகுதி. பலரும் தடுக்கி விழுவது கேட்பதில். இங்கே நோயாளியின் முனகலைப் புரிந்துகொள்ளும் செவிலியர் அங்கேயும் அதைச் செய்ய வேண்டும், ஊர்வழக்கு ஜெர்மன் பேசும் எண்பது வயதுக் கிழவரிடம். இந்தக் கடினம்தான் அந்த வேலையைக் காப்பாற்றுகிறது. ஒரு மாதத்தில் கற்க முடிந்திருந்தால் இந்நேரம் அங்கே இடம் நிறைந்திருக்கும். இன்னொன்று: அங்கே கேட்பது மொழி தெரிந்த ஆளை அல்ல, மொழி தெரிந்த செவிலியரை. கையில் ஏற்கெனவே ஒரு தொழில் இருந்து, அதன் பக்கத்தில் இன்னொன்று வந்து சேரும்போதுதான் விலை ஏறுகிறது. போவதானால் தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனத்தையோ, மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பதிவுள்ள முகவரையோ மட்டும் நாடுங்கள். மற்றவர்களைப் பற்றி நாளிதழில் வாராவாரம் படிக்கிறோம்.

செயற்கை நுண்ணறிவைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லையே என்று ஒரு தம்பி சீட்டு அனுப்பியிருக்கிறார். அதற்குப் பலகை மாட்டியாகிவிட்டது, தம்பி. அதைத் தனிப் படிப்பாகப் படிப்பதைவிட, உங்கள் வேலையில் எந்தப் பகுதியை அது செய்கிறது, செய்ததில் எங்கே தப்பு வருகிறது என்று உங்களால் பிடிக்க முடிகிறதா என்று பாருங்கள். தப்பைப் பிடிக்க அடியில் உள்ள பழைய அறிவு வேண்டும். முன்பு சொன்னதுதான்.

பணம், நேரம் இரண்டையும் பற்றிச் சுருக்கமாக. என்பிடெல் என்ற இணையவழிப் பாடத் திட்டம் 2003-ல் தொடங்கியது, ஐஐடிகளின் பாடங்கள் அதில் இலவசம், சான்றிதழ்த் தேர்வுக்கு மட்டும் கட்டணம். ஐடிஐ முடித்தவர் டிப்ளமோவிலும், டிப்ளமோ முடித்தவர் பொறியியலிலும் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேர வழி இருக்கிறது. முறையான பயிற்சி இல்லாமல் பதினைந்து ஆண்டு வெல்டிங் செய்தவருக்கும், முன் அனுபவத்தைச் சோதித்துச் சான்று தரும் ஏற்பாடு மத்திய அரசின் திறன் திட்டத்தில் உண்டு. இவை எதற்கும் பெரிய விளம்பரம் கிடையாது. நேரத்தைப் பொறுத்தவரை, ஓ.டி. பார்க்கிறவரிடம் தினம் இரண்டு மணி நேரம் படி என்று சொல்ல எனக்கு நாக்கு வராது. வீட்டுக்குப் போய்ச் சமைக்க வேண்டிய பெண்களிடம் அதைச் சொல்கிறவர்களுக்கு வீடு எப்படி நடக்கிறது என்று தெரியாது. அவர்களுக்கு ஒரே வழி, வேலை நேரத்துக்குள்ளேயே கற்பது. சர்வீஸ் எஞ்சினியர் வரும் நாளில் விடுப்பு எடுக்காதீர்கள். அவர் பெட்டியைத் தூக்குங்கள், தேநீர் வாங்கிக் கொடுங்கள், பக்கத்தில் நில்லுங்கள். அந்த அரை நாளுக்குக் கட்டணம் உங்கள் முதலாளி கட்டியாகிவிட்டது.

கடைசியாக, கற்றதைச் சம்பளமாக மாற்றுவது. இதைப் பற்றி யாரும் சொல்லித்தருவதில்லை. சிறிய இடங்களில் திறமை கூடியவருக்கு முதலில் கிடைப்பது கூடுதல் வேலை. சம்பளம் பின்னால் வரும், சில இடங்களில் வராமலே போகும். அதனால் ஒரு நோட்டுப் போடுங்கள். எந்தத் தேதி, எந்த எந்திரம் அல்லது எந்தக் கணக்கு, என்ன சிக்கல், நீங்கள் எதைச் சோதித்தீர்கள், எப்படித் தீர்ந்தது, எவ்வளவு நேரம் மிச்சமானது. நாலு வரி போதும், தமிழிலேயே எழுதலாம். கம்பெனியின் ரகசியம், வாடிக்கையாளர் பெயர் எதையும் அதில் எழுத வேண்டாம். ஓர் ஆண்டு சேர்ந்ததும் அதை எடுத்துக்கொண்டு முதலில் உங்கள் முதலாளியிடமே போங்கள். அவருக்கும் ஒரு வாய்ப்புக் கொடுப்பது முறை. அவர் பார்த்துவிட்டு "பார்க்கலாம்" என்றால் ஒரு தீபாவளி வரை பொறுங்கள். இரண்டாவது தீபாவளிக்குக் காத்திருக்க வேண்டாம்.

வேறு இடத்தில் நேர்காணலுக்குப் போனால் சான்றிதழ்களுக்கு மேலே அந்த நோட்டை வையுங்கள். எதிரே இருப்பவர் தொழில் தெரிந்தவராக இருந்தால் இரண்டு பக்கம் புரட்டுவார், நடுவில் ஒரு குறுக்குக் கேள்வி கேட்பார், பிறகு எவ்வளவு எதிர்பார்க்கிறீர்கள் என்பார். அந்த எண்ணை வீட்டிலேயே முடிவு செய்துகொண்டு போங்கள். அங்கே உட்கார்ந்து யோசித்தால் வாயில் குறைவாகத்தான் வரும்.